இடுப்பு இறங்கிய கவுன்

மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் சார்ல்ஸ்டன் நடனம், 1920களில் அமெரிக்காவில் பரவிய துள்ளல் ஆட்டம். அந்தக் காலத்து நாகரிக இளம்பெண்கள் போட்ட "ஃபிளாப்பர் டிரெஸ்" ஒன்று வாங்கித் தரச் சொல்லிச் சீட்டு வந்தது. கடையில் போய்ப் பார்த்தேன். பளபளவென்று பாலியஸ்டர், உடம்பைப் பிடித்துக்கொள்ளும் வெட்டு, தொடையோடு முடிந்துவிடும் நீளம், மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாகக் குஞ்சம். 1920களில் குஞ்சம் வைத்த கவுன் இல்லாமல் இல்லை. ஆனால் இன்று வேடக் கடைகளில் தொங்கும் இந்த உருவத்தைப் பெரும்பாலும் பிற்காலத்து சினிமாதான் உண்டாக்கியது. அந்தக் காலத்துப் புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். கவுன் தோளிலிருந்து நேராக இறங்கும். மார்பு தெரியாது, இடுப்பு தெரியாது. முட்டிக்குக் கொஞ்சம் கீழே முடியும். குட்டையாக இருந்த வருஷங்களில்கூட அவ்வளவுதான்.

சரி, நாமே தைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். அம்மா அப்போது திண்டுக்கல்லிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். முப்பது வருஷம் வீட்டில் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். நான் பேப்பரில் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, தலகாணி உறையா? இடுப்பு எங்க போச்சு?" என்றார். "இடுப்பு கீழ இறங்கிடுச்சும்மா" என்றேன். விளையாட்டாகச் சொன்னாலும் இந்தத் தையலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். ஜாக்கெட் தைத்துப் பழகிய கை, துணியைப் பார்த்ததும் டாட் பிடிக்க, அதாவது உடம்பு வளைவுக்குத் துணியை மடித்துத் தைக்கப் பார்க்கும். அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும். இங்கே டாட் கிடையாது. அளவு எல்லாம் ஹிப்பில்தான்.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், அலன்டவுனில். வடக்கே ஒன்றேகால் மணி நேரம் காரில் போனால் ஸ்க்ரான்டன் வரும். நிலக்கரி ஊர். சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தபால் வழியே பாடம் நடத்திய பெரிய கல்வி நிறுவனம் ஒன்று அங்கே இருந்தது. அதன் கிளையாக 1916இல் பெண்களுக்கென்று ஒரு தபால் பள்ளி தொடங்கியது. தையல், தொப்பி செய்வது, சமையல் எல்லாம் கடிதத்திலேயே கற்றுக்கொடுத்தார்கள். பாடங்களை வகுத்தவர் மேரி புரூக்ஸ் பிக்கன் என்ற கன்சாஸ் மாநிலத்துப் பெண். பண்ணை வீடுகளிலும் சின்ன ஊர்களிலும் இருந்த பெண்கள் லட்சத்துக்கும் மேல் சேர்ந்தார்கள். 1924இல் அந்தப் பள்ளி ஒரு மெல்லிய கையேடு போட்டது: ஒரு மணி நேரத்தில் கவுன் தைப்பது எப்படி என்று. பேப்பர் பேட்டர்ன், அதாவது வெட்டுவதற்கான அச்சுத் தாள், வேண்டாம். டேப், சாக், கத்தரி, மெஷின் இருந்தால் போதும். உங்கள் அளவை நேராகத் துணியிலேயே போட்டு வெட்டிவிடலாம்.

அதற்குப் பதினைந்து, இருபது வருஷம் முன்பு இப்படிச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அப்போதைய கவுனுக்கு உள்ளே விறைப்புக்காக எலும்புக் குச்சி வைத்த லைனிங், முதுகில் வரிசையாக ஊக்கு, தனியாக வெட்டிப் பொருத்தும் கை என்று ஆயிரம் வேலை. 1920களில் எல்லாம் போய் நேர்க்கோடு மட்டும் நின்றது. வீட்டுத் தையல்காரிக்கு அதைவிட நல்ல காலம் வந்ததில்லை என்பேன்.

நான் கீழே சொல்வது அந்தக் கையேட்டின் வழியில் நான் எனக்காகச் சரிசெய்துகொண்ட முறை. நான்கு கவுன் தைத்த பிறகு நிலைத்த அளவுகள் இவை.

முதலில் எந்த வருஷத்துக் கவுன் என்று முடிவு செய்யுங்கள். பத்து வருஷமும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1923இல் ஓரம் கணுக்காலை ஒட்டி இருந்தது. 1925இல் மேலே ஏறியது. 1926, 1927இல் முட்டிக்குச் சற்றுக் கீழே நின்றது, அதுதான் உச்சம். 1928இல் ஓரம் மேலும் கீழுமாக, முன்னால் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும், கைக்குட்டை முனைபோல் தொங்கிக்கொண்டும் வந்தது. 1929இல் பாரிஸில் உடை வடிவமைப்பாளர் ழான் பட்டூ ஓரத்தை மறுபடி இறக்கி, இடுப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். அதோடு கதை முடிந்தது. ஆட வேண்டும் என்றால் 1926ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் எடுத்தேன்.

துணி. இதில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆனால் விலை அதிகம் என்பதற்காகவும் எதையும் வாங்க வேண்டாம். துணி தானாகத் தொங்க வேண்டும். கையில் பிடித்துத் தூக்கினால் தண்ணீர்போல் கீழே விழுந்தால் சரி, குடைபோல் விறைத்து நின்றால் வேண்டாம். அந்தக் காலத்தில் இரவுக்குக் க்ரேப் டி ஷீன், ஜார்ஜெட். பகலுக்குக் காட்டன் வாயில், மெல்லிய லினன். பணம் குறைந்தவர்களுக்குச் செயற்கைப் பட்டு இருந்தது. அதற்கு ரேயான் என்று அமெரிக்காவில் பெயர் வைத்தது 1924இல்தான். இன்றைக்கு ரேயான் க்ரேப் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். முதல் முறை தைப்பவர்கள் ஜார்ஜெட் பக்கம் போகாதீர்கள். வழுக்கும், நெளியும், கத்தரி பட்டால் ஓடும். மெல்லிய வாயிலில் ஒன்று தைத்துப் பாருங்கள். தப்பானால் நைட்டியாகப் போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டுக்கொண்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது.

அகலம் 36 இன்ச் போதும். 44 இன்ச் துணி என்றால் ஓரத்தில் 8 இன்ச் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு ஆகும். வாங்கியதும் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். ரேயான் தண்ணீர் பட்டால் நன்றாகவே சுருங்கும்.

அளவு நான்குதான். மார்புச் சுற்று. ஹிப் சுற்று, அதாவது பின்பக்கம் நன்றாகப் பருத்த இடத்தில் எடுப்பது. கழுத்தோரத் தோளிலிருந்து நீங்கள் விரும்பும் ஓரம்வரை நீளம். அதே தோளிலிருந்து 'இறங்கிய இடுப்பு' வரை நீளம். இந்தக் கடைசி அளவில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். ஓர் இலாஸ்டிக் நாடாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, நம் இயல்பான இடுப்பிலிருந்து ஆறு, ஆறரை இன்ச் கீழே தள்ளுங்கள். ஹிப் எலும்பில் போய் உட்காரும். கண்ணாடியில் பாருங்கள். உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

என் மகளுக்கு மார்பு 33, ஹிப் 36, தோளிலிருந்து முழு நீளம் 38, இறங்கிய இடுப்புவரை 21. இதை வைத்தே சொல்கிறேன், உங்கள் அளவை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்போடு 4 சேர்த்தால் 37. ஹிப்போடு 4 சேர்த்தால் 40. இரண்டில் பெரியதை எடுங்கள். 40ஐ நான்கால் வகுத்தால் 10, தையலுக்கு அரை இன்ச், ஆக 10½. மேலுடம்பு முழுக்க இந்த ஒரே அகலம்தான். மார்புக்கு ஓர் அளவு, ஹிப்புக்கு ஓர் அளவு என்று சரித்து வெட்டினால் அது வேறு கவுன். அம்மா என் கையிலிருந்து சாக்கைப் பிடுங்கி, "பக்கத்துல கொஞ்சம் உள்ள வாங்குனா நல்லாருக்கும்" என்று ஒரு வளைவு போட்டார். அழித்தேன். மறுபடி போட்டார். அந்த முதல் கவுனை அம்மா போக்கிலேயே தைத்தும் பார்த்தோம். அழகான சல்வார் டாப் வந்தது.

நீளம் 38, ஓரம் மடிக்க 3, ஆக 41. முன்னும் பின்னும் சேர்த்து 82 இன்ச். இரண்டரை கஜம் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். கவுனுக்கு 82 இன்ச்சை அளந்து வெட்டி, மிச்சத்தைத் தனியே வையுங்கள்.

துணியைத் தரையில் விரித்து, இரண்டு வெட்டு முனைகளும் சேரும்படி குறுக்கே ஒரு முறை மடியுங்கள். அந்த மடிப்புதான் தோள். தோளில் தையலே கிடையாது. பிறகு கரையும் கரையும் சேரும்படி நெடுக்கே ஒரு முறை மடியுங்கள். இப்போது நான்கு அடுக்கு, 41 இன்ச் நீளம், 18 இன்ச் அகலம். மேலே தோள் மடிப்பு. ஒரு பக்கம் நடு மடிப்பு, மறுபக்கம் கரைகள். குண்டூசி குத்திவிடுங்கள். நான்கு அடுக்கும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் சாக்கைத் தொடாதீர்கள். ஐந்து நிமிஷம் இங்கே செலவழித்தால் பிறகு ஒரு மணி நேரம் மிச்சம்.

நடு மடிப்பும் தோள் மடிப்பும் சேரும் மூலைதான் கழுத்து. மூலையிலிருந்து தோள் மடிப்பில் 5 இன்ச். நடு மடிப்பில் பின் கழுத்துக்கு 1 இன்ச், முன் கழுத்துக்கு 3½. ஜாக்கெட்டுக்குச் செய்வதுபோலவே பின் கழுத்து ஆழத்துக்கு நான்கு அடுக்கையும் வெட்டிவிட்டு, விரித்து, முன்பக்கத்தை மட்டும் இறக்கி வெட்டுங்கள். மொத்தச் சுற்று 23 இன்ச் பக்கம் வரும். உங்கள் தலைச் சுற்றை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கவுனைத் தலைவழியாகத்தான் போட வேண்டும். ஜிப் என்பது அன்றைக்குக் கவுனில் வரவில்லை. தலை பெரிது என்றால் கழுத்தை அகலப்படுத்தாமல், முன்னால் நடுவில் 4 இன்ச் கீறி, பட்டி வைத்துத் தையுங்கள். அதுவும் அந்தக் காலத்து வழக்கம்தான். அகலப்படுத்தினால் உள்ளாடை வார் வெளியே எட்டிப்பார்க்கும். அதற்கும் அன்றைக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: தோளின் உள்பக்கம் சின்ன ரிப்பன், ஒரு முனை தைத்தது, மறுமுனையில் பிரஸ் பட்டன். வாரை அதற்குள் விட்டுப் பூட்டிவிடலாம். இன்றைக்கு ஜாக்கெட்டிலும் வைக்கலாம் போலிருக்கிறது.

கை. தோள் மடிப்பிலிருந்து கரையோரமாக 7½ இன்ச் கீழே ஒரு புள்ளி. அக்குளுக்கு, தோளிலிருந்து 9½ கீழே, நடு மடிப்பிலிருந்து 10½ தள்ளி ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு, அக்குள் மூலையை வளைத்துவிடுங்கள். கூர்மையாக விட்டால் கையைத் தூக்கும்போது அங்கேதான் கிழியும். அக்குளிலிருந்து நேராகக் கீழே, 10½ அகலத்திலேயே, 21 வரை கோடு. பிறகு அந்த 21இல் குறுக்கே வெளியே கரைவரை கோடு. அவ்வளவுதான். 21க்குக் கீழே பாவாடைப் பகுதிக்கு 18 இன்ச் அகலமும் அப்படியே இருக்கட்டும், தொடாதீர்கள்.

இப்போது கையின் ஓரத்திலிருந்து அக்குள், பக்கக் கோடு, பிறகு குறுக்குக் கோடு என்று வெட்டி எடுத்தால் பக்கவாட்டில் சுமார் 7½க்கு 11½ அளவில் நான்கு துண்டு தனியே வரும். பத்திரமாக வையுங்கள். கழுத்துக்கும் கைக்கும் வைக்கும் கிராஸ் பீஸ், அதாவது துணியைச் சாய்வாக வெட்டும் பட்டை, அதிலிருந்துதான்.

அடுத்து வருவது இந்தக் கவுனின் உயிர்நாடி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

பாவாடைப் பகுதி 18, மேலுடம்பு 10½. மிச்சம் இருக்கும் 7½ இன்ச்சை எங்கே கொண்டுபோவது? குறுக்குக் கோட்டை உடம்புக்குள்ளும் 3 இன்ச் நீட்டிக் கீற வேண்டும் (இப்போதே கீறிவிடாதீர்கள், முறையைக் கீழே சொல்கிறேன்). அதாவது பக்கக் கோட்டிலிருந்து உள்நோக்கி, நடு மடிப்பிலிருந்து 7½ இன்ச் இருக்கும் இடம்வரை. இப்போது கீறலுக்கு மேல் விளிம்பு 3 இன்ச், கீழ் விளிம்பு 10½ இன்ச். கீழ் விளிம்பைக் கொசுவி மேல் விளிம்போடு சேர்த்துத் தைத்தால், இரண்டு ஹிப்பிலும் கொசுவம் விழும். முன்னும் பின்னும் நடுப்பகுதி தோளிலிருந்து ஓரம்வரை வெட்டே படாமல் ஒரே துணியாக இறங்கும். நின்றால் நேர்க்கோடு, ஆடினால் பக்கத்தில் விரியும். ஓரத்தின் சுற்று 70 இன்ச் வருகிறது. சார்ல்ஸ்டனில் முட்டியை உள்ளும் வெளியும் வீசுகிறார்களே, அதற்கு இந்த 70 இன்ச் இருந்தால்தான் முடியும். இறுக்கமான கடைக் கவுனில் ஆடிய பிள்ளைகளுக்குக் காலே நகரவில்லை.

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். இரண்டாவது கவுன், மயில் கழுத்து நிறத்தில் ஜார்ஜெட். நான்கு அடுக்கையும் சேர்த்து வைத்து, உள்ளே 3 இன்ச்சையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன். கீறலின் உள்முனையில் தையலுக்கு இடமே இருக்காது, நூல் அளவுகூட இருக்காது. அழகாகத் தைத்து, இஸ்திரி போட்டு, ஒத்திகைக்கு அனுப்பினேன். மகள் வீட்டுக்கு வரும்போது இடது பக்கம் உள்முனையிலிருந்து நடுப்பகுதிவரை துணி ஓடியிருந்தது. ஒட்டுப்போட்டும் மறையவில்லை.

ஆகவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள். கத்தரியைப் பக்கக் கோட்டோடு, 10½இல், நிறுத்துங்கள். உள்ளே போக வேண்டிய 3 இன்ச்சை நான்கு அடுக்கிலும் நூல் குறி போட்டு மட்டும் வையுங்கள். துணியை விரித்த பிறகு, ஒவ்வொரு உள்முனைக்கும் துணியின் உள்பக்கம் ஒன்றரை இன்ச் சதுரத்தில் மெல்லிய காட்டன் துண்டு வைத்து, மெஷினில் தையலைப் பொடியாக்கி, முனையைச் சுற்றி ஒரு 'வி' போலத் தையுங்கள். கூர்முனை சரியாகக் கீறல் முடியும் புள்ளியில் இருக்கட்டும். நான்கு இடத்திலும் தைத்த பிறகு ஒவ்வொன்றாக, சின்னக் கத்தரியால், வி-யின் முனையைத் தொடும்வரை கீறுங்கள். தையலை வெட்டிவிடக் கூடாது, அதற்கு ஒரு நூல் முன்னால் நிற்கவும் கூடாது. முன்னால் நின்றால் சுருக்கம் விழும். கழுத்துக்குக் கீழே 'வி' நெக் வைத்துப் பழகியவர்களுக்கு இது புரியும்.

இனி மெஷின். வரிசை முக்கியம்: துணி தட்டையாக இருக்கும்போதே கழுத்தையும் கை ஓரத்தையும் முடித்துவிட வேண்டும். வெட்டி வைத்த துண்டுகளிலிருந்து ஒன்றேகால் இன்ச் அகலத்தில் கிராஸாகப் பட்டை வெட்டி, ஆறு துண்டு ஒட்டினால் கழுத்துக்கும் இரண்டு கைக்கும் சேர்த்துப் போதும். நல்ல பக்கத்தில் வைத்துத் தைத்து, உள்ளே மடித்து, கையால் ஹெம் பண்ணுங்கள். பைப்பிங்போல் மெல்லிய விளிம்பு தெரிந்தால் அழகு. வேறு நிறத்திலும் வைக்கலாம். அந்தக் காலத்துப் பகல் கவுன்களில் அதுவே பாதி அலங்காரம்.

அடுத்து கொசுவம். பக்கத் தையலுக்கு அரை இன்ச் விட்டால் மேல் விளிம்பு 2½, கீழ் விளிம்பு 10. குறைக்க வேண்டியது 7½. ஒரு கொசுவத்துக்கு 2½ இன்ச் துணி போகும்படி மூன்று கொசுவம், கணக்குச் சரி. புடவைக் கொசுவம்போல் எல்லாம் ஒரே திசையில், பக்கத் தையலை நோக்கித் திரும்பி இருக்கட்டும். முதலில் கையால் கச்சா (தற்காலிகத் தையல்) அடித்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பை மேலே வைத்து, பக்கத்தில் அரை இன்ச் அளவில் தொடங்கி, உள்முனையை நெருங்க நெருங்கத் தையலை விளிம்போரம் கொண்டுபோய், வி-யின் முனையில் முடியுங்கள். துணி கனமாக இருந்தால் மூன்று கொசுவம் ஹிப்பில் மூட்டையாகத் தெரியும். அப்போது வெட்டும்போதே பாவாடை அகலத்தை 16ஆகக் குறைத்து, இரண்டு கொசுவத்தோடு விட்டுவிடுங்கள். ஹிப் பெரிதாக இருப்பவர்களுக்கும் இதுதான் என் யோசனை.

பிறகு பக்கத் தையல். கை ஓரத்தில் ஆரம்பித்து அக்குள், பக்கம், ஹிப், பாவாடை ஓரம்வரை ஒரே ஓட்டம். அக்குள் வளைவில் தையலைத் தொடாமல் மூன்று நான்கு கீறல் போட்டால்தான் துணி இழுக்காமல் படியும். ஓவர்லாக் இல்லாவிட்டால், விளிம்பு உள்ளே மறையும்படி இரண்டு முறை தைக்கும் ஃபிரெஞ்ச் தையல் போடுங்கள், மெல்லிய துணிக்கு அதுதான் மரியாதை.

மார்பு 40க்கு மேல் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நேர் வெட்டில் முன்பக்கம் மார்பின்மேல் ஏறி, முன் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். தோள் மடிப்பு மடிக்கும்போதே முன்பக்கத்தை ஒரு இன்ச் நீளமாக விட்டு மடியுங்கள். கூடுதலாக இருக்கும் அந்த ஒரு இன்ச்சைப் பக்கத் தையலில், அக்குளுக்குக் கீழே, சின்ன டாட்டாகப் பிடித்துவிடலாம். டாட் கிடையாது என்று சொன்னேனே என்பீர்கள். கையைத் தொங்கவிட்டால் மறைந்துவிடும் இடத்தில் இருக்கும் டாட்டை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

உள்ளே என்ன போடுவது? அன்றைக்கு மார்பைத் தட்டையாக்கிக் கட்டும் பட்டைகள் இருந்தன. பிள்ளைகளுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஆனால் தூக்கிப் பிடிக்கும் கப் வைத்த பிரா போட்டால் கவுனின் கோடு கெட்டுவிடும். மெல்லிய பனியன் போதும். ஜார்ஜெட், வாயில் என்றால் உள்ளே நேராக இறங்கும் சிம்மீஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிச் சட்டைக்குள் போடும் அதே சிம்மீஸ்தான். பிரெஞ்சுக்காரர்களின் ஷிமீஸ் என்ற சொல்தான் நம்மிடம் அப்படி வந்திருக்கிறது. இந்த நேர் கவுனுக்கே அன்றைக்கு ஷிமீஸ் கவுன் என்றும் பெயர் உண்டு. ஹிப்போடு 2 இன்ச் சேர்த்து ஒரு குழாய், இரண்டு வார், கவுனைவிட ஒன்றரை இன்ச் குட்டை. வேறு வேலை இல்லை.

அலங்காரத்தை அடக்கி வாசியுங்கள். 1922 நவம்பரில் எகிப்தில் துட்டன்காமுன் கல்லறையைக் கண்டுபிடித்த பிறகு தாமரை, வண்டு, இறக்கை என்று எகிப்திய உருவங்கள் கவுன்களில் ஏறின. ஹிப் பட்டையில் அப்படி ஓர் எம்பிராய்டரி போட்டால் எடுப்பாக இருக்கும். மணி வைத்துத் தைக்க ஆசை இருந்தால் கழுத்தோடு நிறுத்துங்கள். அந்தக் காலத்து மணி கவுன்களில் பல, மணியின் கனம் தாங்காமல் தோளில் கிழிந்துபோயின. அருங்காட்சியகங்களில் அவற்றைப் பெரும்பாலும் மாட்டி வைப்பதில்லை, தட்டையாகப் படுக்கவைத்துத்தான் பாதுகாக்கிறார்கள். நீங்களும் மணி வைத்ததை ஹேங்கரில் மாட்டாதீர்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு நிஜமான பழைய பேட்டர்ன் ஒன்றை வைத்துத் தைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டுச் சாமான் விற்பனை ஒன்றில் ஒரு சின்ன உறை கிடைத்தது, மார்பு 36 என்று போட்டு. உள்ளே வெங்காயத் தோல்போல் மெல்லிய தாள்கள். ஒரு எழுத்து, ஒரு கோடு அச்சில் இல்லை. வெறும் ஓட்டைகள். முதலில் பூச்சி அரித்தது என்றே நினைத்தேன். அந்த ஓட்டைகள்தான் மொழி: பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை, எத்தனை சேர்ந்து வருகிறது என்பதை வைத்து இது நடு மடிப்பு, இது நூலோட்டம், இங்கே கொசுவு என்று புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும், அதனால் உறையைத் தொலைத்துவிடாதீர்கள். மெக்கால் கம்பெனி 1920 வாக்கில் கோடுகளை அச்சடிக்கத் தொடங்கியது, மற்றவர்கள் வெகுகாலம் ஓட்டையிலேயே ஓட்டினார்கள். பட்டரிக் கம்பெனி டெல்டார் என்று ஒரு விளக்கத் தாளை உள்ளே வைத்தது. அவர்கள் நடத்திய டெலினியேட்டர் பத்திரிகைப் பெயரின் தலையையும் வாலையும் ஒட்டி வைத்த பெயர் அது. 1927இல் வந்த சிம்ப்ளிசிட்டி, 15 சென்ட்டுக்கே பேட்டர்ன் விற்று எல்லாரையும் கலக்கியது.

பழைய தாளின்மேல் கத்தரியோ குண்டூசியோ படக் கூடாது. இஸ்திரி வேண்டுமானால் ஆவி இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில். மேலே டிரேஸிங் பேப்பர் வைத்து ஓட்டைகளோடு நகல் எடுத்துவிட்டு, மூலத்தை மடிக்காமல் வையுங்கள். தையலுக்கு விட்ட இடம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே அளந்து பாருங்கள், இன்றைய அளவு என்று நம்பி வெட்டிவிட வேண்டாம். அப்புறம், கட்டாயம் பழைய காடாத் துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள்.

ஒரு மணி நேரம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். எனக்கு முதல் கவுனுக்கு ஒரு நாள் போயிற்று. நான்காவதுக்கு இரண்டு மணி பத்து நிமிஷம், கையால் ஹெம் பண்ணியது தனி.

ஓரத்தை உடனே மடிக்காதீர்கள். ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கட்டும் (மணி வைக்காத கவுனைத்தான் சொல்கிறேன்). கொசுவம் இருக்கும் பக்கங்கள் தன் கனத்தில் கொஞ்சம் இறங்கும். மறுநாள் போட்டுக்கொண்டு, விழாவுக்குப் போடும் அதே செருப்போடு நிற்க வேண்டும். அளவைத் தோளிலிருந்து எடுக்காமல் தரையிலிருந்து எடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா தரையில் சம்மணம் போட்டு, மரஸ்கேலை நட்டு வைத்துக்கொண்டார். வாயில் நான்கு குண்டூசி. மகள் ஒரே இடத்தில் மெல்லச் சுற்றினாள். "குனிஞ்சு பாக்காதடி, ஏறிக்கும்" என்று ஊசிகளுக்கு நடுவே அதட்டல். தரையிலிருந்து 15 இன்ச்சில் குறி வைத்தோம். முழுக்கச் சுற்றி வந்த பிறகு பார்த்தால் பக்கங்களில் முக்கால் இன்ச் இறங்கியிருந்தது. அதை வெட்டிச் சீராக்கிவிட்டு, மூன்று இன்ச் மடிப்பு வைத்துக் கையால் பொடியாகத் தைத்தோம்.

வெட்டி மிஞ்சிய துணியில் இரண்டு இன்ச் அகலத்துக்குக் கிராஸாக ஒரு பட்டை எடுத்து, நீளவாக்கில் மடித்து, விளிம்பில் ஓட்டுத் தையல் போட்டு இழுத்துச் சுருக்கி, பூவாகச் சுருட்டினார் அம்மா. இடது ஹிப்பில், கொசுவம் தொடங்கும் இடத்தில் வைத்து நான்கு தையல் போட்டுவிட்டார். கீறலின் முனை சரியாக அந்தப் பூவுக்கு அடியில்தான் இருக்கிறது.